கீழ்ப்பாத்திக் கத்திரிக்காய்

என் ஓரகத்தி எங்கள் வீட்டுக்கு வாழ வந்த ஏழாம் நாள், கத்திரிக்காய் பறிக்க மாட்டேன் என்று சொன்னாள். அன்றைக்குப் பிடித்த பொறாமை எனக்குள் எத்தனை வருஷம் இருந்தது என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முழுக்கப் போய்விட்டது என்று இன்றைக்கும் சத்தியம் செய்ய மாட்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பாப்பாரப்பட்டியிலிருந்து மூன்று மைல் தள்ளி எங்கள் நிலம். கிணற்றுத் தண்ணீர் பாயும் இடத்தில் கத்திரியும் தக்காளியும், மேட்டில் ராகியும் சாமையும். வீட்டில் மாமனார், அவருடைய இரண்டு மகன்கள், மூத்தவருக்கு வாழ்க்கைப்பட்ட நான், எங்கள் நாலு வயசு மகள். மாமியார் நான் வருவதற்கு முன்பே இறந்துபோனார். அதனால் அரூர்ப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயசில் வந்த என்னிடம் முதல் நாளே அடுப்படியைக் கொடுத்துவிட்டார்கள். என்ன ஆக்குவது, எவ்வளவு ஆக்குவது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை. ஆறு வருஷம் அப்படி ஓடியது. அப்புறம்தான் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆகி இவள் வந்தாள்.

பென்னாகரத்துப் பக்கத்துப் பெண். பத்தாவது வரைக்கும் படித்தவள். என்னைவிட நாலு வயசு சின்னவள். அன்று காலை கூடையைக் கொடுத்து, "போய் நாலு காய் பறிச்சிக்கிட்டு வா" என்றேன். போனவள் வெறும் கூடையோடு திரும்பி வந்தாள். என்னிடம் வரவில்லை. களத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்த மாமனாருக்கு எதிரில் போய் நின்றாள்.

"மாமா, நேத்துத்தானேங்க இதுக்கு மருந்து அடிச்சீங்க? காம்புல வெள்ளை வெள்ளையா அப்படியே இருக்குது. இன்னிக்கு எப்படிங்க ஆக்கித் தின்றது?"

நான் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனார் எதிரில் நின்று பேசுவது வழக்கமில்லை. ஆறு வருஷத்தில் நான் அவரிடம் நேராகப் பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். தண்ணீர் வைத்தால்கூடக் கதவோரமாக வைத்துவிட்டு வந்துவிடுவேன். இவளுக்கு இன்றைக்கு இருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட நினைத்தேன்.

மாமனார் கயிற்றைக் கீழே வைத்தார். "அடிக்காட்டி புழு விட்டு வெக்காதும்மா," என்றார்.

"சந்தைக்குப் போறது உங்க இஷ்டங்க. வூட்டுக்குன்னு ஒரே ஒரு பாத்தி உடுங்க. அதுக்கு மருந்து வேணாம். புழுவ நான் பாத்துக்கறேன்."

"எனக்கும் மருந்தடிச்ச அன்னிக்குச் சோறு எறங்கறதில்ல," என்றார். பிறகு கிணற்றுக்குக் கீழே, வாய்க்கால் திரும்பும் இடத்தில் இருக்கும் பாத்தியைக் கையால் காட்டினார். "அத எடுத்துக்க."

அவ்வளவுதான். வேறு பேச்சே இல்லை.

என் வயிறு எப்படி எரிந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால், ஐந்து வருஷம் பின்னால் போக வேண்டும். நான் முழுகாமல் இருந்த சமயம். மருந்தடித்த மறுநாள் கத்திரிச் செடிக்கு நடுவில் இரண்டு மைனாக்கள் செத்துக் கிடந்ததைப் பார்த்தேன். மருந்துப் பம்பை வாய்க்காலில் கழுவி எடுத்தால் அன்றைக்குச் சாயங்காலம் தவளைகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். அந்த வாய்க்கால் ஓரத்துச் செடியில்தான் நான் காய் பறித்துக் குழம்பு வைத்தேன். பயந்துபோய் என் வீட்டுக்காரரிடம், "ஏங்க, வூட்டுக்குத் திங்கற காய்க்காவது மருந்து வேணாம்னு மாமாகிட்டச் சொல்லுங்க," என்றேன். அவர் சிரித்தார். "மருந்தடிக்காம கத்திரி வெளையுமா? ரெண்டு தண்ணி கழுவி ஆக்கு," என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இந்த வீட்டில் என் வார்த்தைக்கு அவ்வளவுதான் மதிப்பு என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். ரெண்டு தண்ணி இல்லை, நாலு தண்ணி கழுவினேன். கழுவிக் கழுவி ஆக்கிப் போட்டேன்.

அதே வார்த்தையை வந்து ஏழு நாளான ஒருத்தி சொன்னதும் ஒரு பாத்தியே கிடைத்துவிட்டது.

அவள் அந்தப் பாத்தியில் செய்ததெல்லாம் எனக்கு மனப்பாடம். அவளைவிட அதிகமாக நான்தான் அதைக் கவனித்தேன். விடிந்ததும் அடுப்புச் சாம்பலை முறத்தில் எடுத்துக்கொண்டு போய், பனி காயும் முன்னால் இலைமேல் தூவுவாள். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து, அந்தத் தண்ணீரைத் துடைப்பத்தால் தொட்டுத் தொட்டுத் தெளிப்பாள். வாடிப்போன நுனியைக் கிள்ளி, உள்ளே இருக்கும் புழுவோடு அடுப்பில் போடுவாள். வேலியில் அவரையை ஏற்றிவிட்டாள். கூரைமேல் சுரைக்கொடி ஏறியது. மழை பெய்து ஓய்ந்ததும் ராகிக் கொல்லையில் முளைத்த பண்ணைக் கீரையை மடி நிறையக் கிள்ளி வந்தாள்.

அதோடு விடவில்லை. கத்திரி இல்லாத நாளில் சந்தையில் வாங்கி வந்து ஆக்க மாட்டாள். "இல்லாத காலத்துல அது எதுக்குங்கக்கா? இப்ப அவரை இருக்குதில்ல?" என்பாள். அவரை ஓய்ந்தால் கொள்ளு. கொள்ளும் தீர்ந்தால் முருங்கைக் கீரை. அரிசி எடுத்துவர ரேஷன் கடைக்குப் போவதைக் குறைத்து, மேட்டில் விளைந்த சாமையையே குத்திச் சோறாக்கினாள். சோறு வடித்த கஞ்சியைக்கூடக் கீழே ஊற்ற விடமாட்டாள். மாட்டுத் தொட்டிக்குப் போகும்.

பம்பைக் கழுவுகிற விஷயத்தையும் அவள்தான் மாற்றினாள். ஒருநாள் கொழுந்தனாரை வழிமறித்து, "வாய்க்கால்ல கழுவாதீங்க. என் பாத்திக்குத்தானே வருது," என்றாள். அவர் மறுபேச்சில்லாமல் பம்பைப் பயிரில்லாத கரட்டு மேட்டுப் பக்கம் தூக்கிக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் சாயங்காலமானால் வாய்க்காலில் தவளை கத்த ஆரம்பித்தது. அந்தச் சத்தம்கூட எனக்கு அவளைப் புகழ்கிற மாதிரியே கேட்கும்.

ஏனென்றால் வீட்டில் எல்லோரும் புகழ்ந்தார்கள். என் வீட்டுக்காரர் களிக்கு அவரைக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் ஒரு உருண்டை வெய்யி," என்று தட்டை நீட்டுவார். ஆறு வருஷம் நான் போட்டதைத் தலை நிமிராமல் தின்றுவிட்டு எழுந்து போன மனுஷர். என் மகள் அவளுடைய மடியை விட்டு இறங்குவதில்லை. "சித்தி ஊட்டுனாத்தான் திம்பேன்," என்று என்னிடமே சொன்னாள். குழந்தையை இழுத்துவைத்து ஒரு அடி போட்டேன். எதற்கு அடித்தேன் என்று அதற்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

அவளுடைய காயில் சொத்தை விழுந்தால் எனக்கு நிம்மதி. நறுக்கும்போது புழு நெளிந்தால் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, "ஐயோ, இதுலயும் புழுவா?" என்று சத்தமாகச் சொல்வேன். அவள் வந்து பார்த்துவிட்டு, "அது தின்னு உசிரோட இருக்குதுன்னா நாமளும் தின்னலாங்கக்கா," என்று கெட்ட பாகத்தை மட்டும் அரிந்து எறிந்துவிட்டு மீதியைப் பானையில் போடுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது மட்டும் மற்றப் பெண்களிடம், "எங்க வூட்டுச் சின்னவ மகாராணி. நாமெல்லாம் திங்கறது அவளுக்கு ஆகாது," என்று சொல்லி வைத்தேன்.

இப்படியே ஒன்றரை வருஷம் போயிற்று. எங்களுடையது கிறிஸ்தவக் குடும்பம். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.

எங்கள் ஊர்க் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் நடத்த அன்று காலையில் பங்குச் சாமியார் வந்திருந்தார். முடிந்ததும் மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். கூடவே கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியாரும் வருவார். வெள்ளிக்கிழமை என்பதால் கறி ஆக்கக் கூடாது. கத்திரிக்காய்க் குழம்பு, அவரைப் பொரியல், ரசம் என்று முடிவானது. ராகி அரைக்க அவள் பாப்பாரப்பட்டி மில்லுக்குப் போக வேண்டியிருந்தது. போகும்போது, "அக்கா, கீழ்ப்பாத்தியில பிஞ்சா நிறைய இருக்குதுங்க. அதுல பறிச்சிக்கங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கூடையோடு கீழ்ப்பாத்திக்குப் போனேன். காய்கள் சிறிசும் பெரிசுமாகத் தொங்கின. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன், பக்கத்தில் ஓட்டை. இன்னொன்றில் இல்லை. இதைப் பறித்துக்கொண்டு போய் நான் வேகாத வெயிலில் அடுப்படியில் நின்று குழம்பு வைக்க வேண்டும். சாமியார் சாப்பிட்டுவிட்டு நல்லாயிருக்கிறது என்பார். மாமனார் உடனே, "சின்ன மருமக பாத்திக் காயிங்க சாமி," என்பார். இது அப்படியே நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது. கூடையை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். மறுநாள் சந்தைக்குப் போக வேண்டிய பாத்தியில் காய்கள் ஒரே அளவாக, எண்ணெய் தடவின மாதிரி மினுமினுவென்று இருந்தன. முந்தாநாள்தான் மருந்தடித்திருந்தார்கள். குனிந்து கூடை நிறையப் பறித்தேன்.

என் கணக்கு இதுதான். எல்லோரும் தின்றுவிட்டு அவளைப் புகழட்டும். புகழ்ந்து முடித்த பிறகு, "இது அவ காயி இல்லீங்க, மருந்தடிச்ச காயிதான்," என்று சாதாரணமாகச் சொல்ல வேண்டும். ருசியில் ஒரு வித்தியாசமும் இல்லை, எல்லாம் அவள் வாய்ஜாலம் என்று சபையில் தெரிய வேண்டும். அவள் முகம் எப்படிப் போகிறது என்று நான் பார்க்க வேண்டும்.

உப்புப் போட்டு நாலு தண்ணி கழுவினேன். கை தானாகக் கழுவியது.

இலை போட்டார்கள். சாமியார், உபதேசியார், மாமனார், என் வீட்டுக்காரர், கொழுந்தனார் ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். மில்லிலிருந்து வந்துவிட்டிருந்த அவள் சுவரோரம் உட்கார்ந்து என் மகளை மடியில் வைத்துக்கொண்டாள். நான் பரிமாறினேன். நான் நினைத்தது நினைத்தபடியே நடந்தது. சாமியார் இரண்டாவது தடவை குழம்பு கேட்டார். "காயி வெண்ணெயாட்டம் இருக்குது," என்றார். மாமனார், "எங்க சின்ன மருமக கையிங்க," என்றார். கொழுந்தனாருக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் கரண்டியோடு நிமிர்ந்தேன். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வாயைத் திறந்தேன்.

அப்போது என் மகள், "சித்தி, இன்னொரு காயி," என்றாள். ஓரகத்தி ஒரு கத்திரிக்காயைக் காம்போடு எடுத்து, ஊதி ஆறவைத்து, குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள். குழந்தை காம்பைப் பிடித்துக்கொண்டு சப்பியது. காம்படியில்தான் மருந்து தங்கும். அது அவளுக்கு முன்பே எனக்குத் தெரியும்.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் குழந்தையின் கையைத் தட்டிவிட்டேன். காய் தரையில் விழுந்தது. குழந்தை வீறிட்டது. "போதும், வயிறு வலிக்கும்," என்று கத்தினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெயிலில் நின்று களைத்துப்போய்விட்டாள் என்று உபதேசியார் சொன்னார். சாமியார் குழந்தையின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டு எழுந்தார். நான் சொல்ல நினைத்ததைச் சொல்லவேயில்லை.

விருந்தாளிகள் போன பிறகு நாங்கள் இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் சோறு போட்டுக்கொண்டு குழம்புச் சட்டியைக் கிட்டே இழுத்தாள். நான் சட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு ரசம் ஊத்தறேன்."

"குழம்பு இருக்குதேங்கக்கா."

"வேணாம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சட்டியிலிருந்து ஒரு காயைக் கரண்டியில் எடுத்துப் பார்த்தாள். ஒரு சொத்தை இல்லை, ஒரு வெட்டு இல்லை. எழுந்து வெளியே போனாள். கீழ்ப்பாத்திக்குத்தான் போகிறாள் என்று தெரிந்தது. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஒரு காயிகூடப் பறிக்கல. அப்படியே இருக்குது. மேல்பாத்திக் காயா அது?"

நான் தலையாட்டினேன்.

"கொழந்தைக்கு என் கையாலயே ஊட்ட வெச்சீங்களே." அதுவரை அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "என்மேல என்ன வேணுமோ கோவம் இருக்கட்டும். அதுக்காக இப்படியாங்க பண்ணுவீங்க?"

எனக்குள் இருந்ததெல்லாம் அப்போது வெளியே வந்துவிட்டது. "நீ வந்து கண்டுபிடிச்சியாடி இத? ஆறு வருஷத்துக்கு முன்னாடியே நான் சொன்னேன். செத்த மைனாவப் பாத்துட்டு வந்து, வயித்துல புள்ளயோட சொன்னேன். இந்த வூட்ல ஒருத்தர் காதுலயாவது விழுந்துச்சா? நீ சொன்னதும் பாத்தி வந்துச்சு. நான் சொன்னா சிரிப்பு வந்துச்சு!" கத்தினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அழுதேன்.

வாசலில் நிழல் தெரிந்தது. மாமனார் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"நீ எப்பம்மா சொன்னே?" என்றார்.

அவர் கேட்ட விதத்தில் பொய் இல்லை. நான் முதல் தடவையாக அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசினேன். "அவருகிட்டச் சொல்லி உங்ககிட்டச் சொல்லச் சொன்னேங்க."

மாமனார் திரும்பிக் களத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"ஆமாப்பா, சொன்னா," என்றார் அங்கிருந்தே. "இத எங்க போயி உங்ககிட்டச் சொல்றதுன்னு உட்டுட்டேன்."

ஆறு வருஷமாக வீடு முழுக்கச் சேர்ந்து என் பேச்சை ஒதுக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தப் பேச்சு எங்கள் அறைக் கதவைக்கூடத் தாண்டவில்லை. நான் அவளைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேன். அவள் செய்ததெல்லாம் நேராகப் போய்க் கேட்டது மட்டும்தான்.

சாயங்காலம் குழந்தை வயிறு வலிக்கிறது என்றது. நான் மிரட்டியதால் சொன்னதா, உண்மையாகவே வலித்ததா என்று தெரியாது. மோரைக் குடிக்க வைத்து மடியிலேயே வைத்திருந்தேன். மறுநாள் காலையில் கன்றுக்குட்டியோடு ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை சாமியாரைக் கோயிலில் பார்க்கும் வரை எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

அவள் நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் சாம்பல் முறத்தை எடுக்க வந்தபோது, "கை காலியா இருந்தா நீங்களும் வாங்க," என்றாள். போனேன். மன்னிப்பு என்று இருவரும் எதையும் சொல்லிக்கொள்ளவில்லை.

பொறாமை தீர்ந்து நல்லவளாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுத்த பட்டத்துக்கு நாற்று விடும்போது நான் மாமனார் எதிரில் போய் நின்றேன். "மாமா, எனக்கு ரெண்டு பாத்தி வேணுங்க. மருந்தடிக்காம வெளைய வெச்சு, வூட்டுக்கு இல்ல, சந்தைக்கே அனுப்பப் போறேன். நாம திங்கக் கூடாதத மத்தவங்க மட்டும் எப்படிங்க திம்பாங்க?" என்றேன். வார்த்தை நியாயமானதுதான். ஆனால் அதைச் சொல்லும்போது என் மனசில் இருந்தது அவள் ஒரு பாத்தி, நான் இரண்டு பாத்தி, அவள் வீட்டுக்கு, நான் ஊருக்கு என்பதுதான். மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்தார். "மூணா எடுத்துக்க," என்றார்.

முதல் பறிப்பைச் சந்தையில் ஒருத்தரும் தொடவில்லை. ஓட்டை விழுந்த காயைப் பார்த்துவிட்டு ஏலம் எடுப்பவர் மூட்டையை ஓரமாகத் தள்ளினார். அடுத்த வாரம் நானே சந்தையில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். மானம் போகிறது என்று என் வீட்டுக்காரர் பஸ்ஸுக்கே வந்து என்னைத் தடுக்கப் பார்த்தார். அவள் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். யாராவது நின்று பார்த்தால் ஒரு காயை அரிந்து, சொத்தைப் பக்கத்தைத் தள்ளிவிட்டு, மீதியைக் காட்டுவாள். "மருந்து படாததுங்க. வாயில போட்டுப் பாருங்க, பச்சையாவே தின்னலாம்." கைக்குழந்தைக்காரிகள் வாங்கினார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வாராவாரம் வந்தார். மீந்ததை இரண்டு பேரும் தலையில் சுமந்துகொண்டு வந்து வற்றல் போட்டோம். அப்போதும் வருகிறவர்கள் என்னைவிட அவளிடம்தான் சிரித்துப் பேசினார்கள். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

மாமனார் மற்றப் பாத்திகளில் மருந்தை முழுக்க விட்டுவிடவில்லை. அடித்தால் ஒரு வாரம் பறிக்கக் கூடாது என்பதை மட்டும் கடைசிவரை கடைப்பிடித்தார்.

எண்பதுகள் முடியும் தறுவாயில் கொழுந்தனாருக்குத் தருமபுரியில் ஒரு வேலை கிடைத்தது. குடித்தனம் அங்கே போனது. கீழ்ப்பாத்தியையும் நானே பார்த்துக்கொண்டேன். வாரம் ஒரு பை காய் டவுன் பஸ்ஸில் அவளுக்குப் போகும். முதல் தடவை நான் அவள் வீட்டுக்குப் போனபோது பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "நீங்கதானா அந்தக் கத்திரிக்கா அக்கா? உங்களப் பத்திப் பேசாத நாளே இல்லீங்க," என்றார். மருந்தில்லாமல் பயிர் வைக்கிற யோசனையே எங்கள் அக்காவுடையதுதான், எனக்கு முன்னாலேயே சொன்னவர் என்று அவள் சொல்லி வைத்திருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானாக இருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா என்று யோசித்தேன். மாட்டேன்.

பிறகு மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனாள். பழைய எண்ணெய் டின்களில் மண் போட்டு, அரிசி கழுவின தண்ணீரை ஊற்றியே கொத்தமல்லி வளர்த்திருந்தாள். பச்சைப் பசேலென்று அடர்ந்து நின்றது. எங்கள் தோட்டத்தில் கொத்தமல்லி ஒருநாளும் அப்படி வந்ததில்லை. சுருக்கென்றது எனக்கு.

"விதைய எங்க வாங்கினே?" என்று கேட்டேன். அவள் ஒரு பிடி விதையை எடுத்து என் முந்தானையில் முடிந்துவிட்டாள். ஊருக்கு வந்த மறுநாளே, வெயில் ஏறுவதற்குள் கொட்டிலுக்குப் பின்னால் மண்ணைக் கொத்தி விதைத்தேன்.